கேட்காமல் விட்டவை

திருந்திய கணவன்மீது மனைவிக்குக் கோபம் கூடுவது ஏன் என்ற கேள்வி சில காலமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவர் என் அக்கா. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். அத்தான் கை நீட்டுபவர் அல்லர், குடிப்பவர் அல்லர், குரல் உயர்த்துபவர்கூட அல்லர். வீட்டுக்குள் நடப்பவை தாமாகவே நடந்துவிடும் என்ற நினைப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், அவ்வளவுதான். (இந்த ‘அவ்வளவுதான்’ என்பதை அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார்.) பணி ஓய்வுக்குப் பிறகு அவரிடம் மெல்ல ஒரு மாற்றம் தெரிந்தது. துவைத்த துணிகளை மடித்து வைத்தார், அக்காவின் மருந்து தீரும் முன்பே வாங்கி வந்தார், மாலையில் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். அவர் மடித்து அடுக்கிய துணியை அக்கா பிரித்து, அதே மடிப்பில் மீண்டும் மடித்து வைப்பதை ஒரு நாள் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, “இப்ப செஞ்சு என்ன ஆகப்போகுது? செய்ய வேண்டிய காலத்துல செய்யலையே” என்றார்.

கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் பட்ட அந்தப் பதில், யோசிக்க யோசிக்கப் புரியாமல் போயிற்று. மனக்குறை வேலையைப் பற்றியதாக இருந்திருந்தால், வேலை நடக்கத் தொடங்கியதும் அது கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டும். இங்கே அது கூடியது. இத்தனை காலம் ஏங்கிய ஒன்று கைக்கு வரும்போது அதைத் தள்ளிவிடத் தோன்றுகிறது என்றால், குறை வேறெங்கோ இருக்கிறது. பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவருக்கு இந்த வேலைகளெல்லாம் வராது, வளர்ந்த விதம் அப்படி என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லியே அக்கா பல ஆண்டுகளைக் கடந்திருந்தார். அத்தான் இப்போது மடித்து வைக்கும் ஒவ்வொரு துணியும் அந்தச் சமாதானத்தை உடைத்தது. முடியாதவர் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்ட மனிதர், முடிந்தும் செய்யாதிருந்தவர்தான் என்பதை அவருடைய கைகளே மெய்ப்பித்துக்கொண்டிருந்தன.

சண்டை நின்ற வீடு

கசப்பை நாம் சண்டைகளில் தேடுகிறோம். அது குடியிருப்பதோ சண்டை நின்றுபோன வீட்டில். கோபப்படுகிறவர் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் தாமதம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் வெடிக்கும் ஒவ்வொரு கேள்விக்குள்ளும், எதிரில் இருப்பவர் மாறக்கூடும் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கசந்துபோனவர் கேட்பதை நிறுத்திவிட்டார். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, அதற்கான சான்றுகளை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் வெளியாருக்கு அந்த வீடு அமைதியாகத் தெரிகிறது, ‘எவ்வளவு பக்குவமான தம்பதி’ என்று சொல்லவும் தோன்றுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சனுடன் சேர்ந்து தம்பதியரின் உரையாடல்களை ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்து, அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர். மணமுறிவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் நடத்தைகள் என்று அவர் குறிப்பிட்டவை நான்கு: ஆளையே குறை சொல்லுதல், இகழ்ச்சி, தற்காப்பு, பேச்சை அடைத்துக்கொண்டு இறுகிப்போதல். அவற்றுள் மிகக் கொடியது இகழ்ச்சி என்பது அவருடைய முடிவு. கோபம் அந்த நான்கில் ஒன்று அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இகழ்ச்சிக்குக் கூச்சல் தேவையில்லை. கணவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது உதட்டோரம் ஒரு சுளிப்பு போதும்.

தன்னுடைய கசப்பைத் தானே அடையாளம் காண்பது கடினம், ஏனென்றால் உள்ளிருந்து பார்க்கும்போது அது தெளிவைப்போலத் தோன்றுகிறது. ‘நான் யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை’ என்பதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்குவது ஓர் அடையாளம். நடந்ததை உடன்பிறந்தவர், தோழி, உடன் வேலை செய்பவர் என்று பலரிடம் சொல்லியிருப்போம், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லியிருக்க மாட்டோம் என்பது இன்னொன்று. குளிக்கும்போதும் நடக்கும்போதும் மனத்துக்குள் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எப்போதும் நாமே ஜெயிப்போம். ஆனால் எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளமாக நான் கருதுவது வெளியே சொல்லக் கூசும் ஒன்று: துணைவர் மறுபடியும் தவறும்போது உள்ளுக்குள் எழும் சின்னத் திருப்தி. முக்கியமான நாளை அவர் மறந்துவிடுகிறார், வலிக்கிறது, ஆனால் வலியையும் முந்திக்கொண்டு ‘எனக்குத் தெரியும்’ என்று ஒரு குரல் எழுகிறது. அவர் நினைவில் வைத்திருந்தால் அது ஓர் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. துணைவரின் தோல்வி நமக்கு வசதியாகிவிட்ட கட்டம் அது.

பெர்லினைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் லிண்டன், 2003ஆம் ஆண்டு, கசப்புணர்வையே மையமாகக் கொண்ட ஒரு மனநலக் கோளாறை முன்மொழிந்தார். பொதுவாகப் பின்பற்றப்படும் நோய் வகைப்பாடுகள் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. நானும் மணவாழ்வின் கசப்பை நோய் என்று சொல்ல வரவில்லை. அவர் வருணித்த இயல்புதான் என்னை நிறுத்தியது. தனக்கு இழைக்கப்பட்டது அநீதி என்ற உறுதியும், அதைச் சரிசெய்யத் தன்னால் ஆகாது என்ற கையறுநிலையும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. நீட்டப்படும் உதவியைக்கூட இந்நிலையில் இருப்பவர்கள் தள்ளிவிடுகிறார்கள். உதவியை ஏற்றுக்கொண்டால் வழக்கு முடிந்ததாக ஆகிவிடும், இழைத்தவர் எதுவும் நடக்காததுபோல் தப்பித்துவிடுவார் என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. பிரித்து மடிக்கப்பட்ட துணியை இதன் பிறகு என்னால் பிடிவாதம் என்று எண்ண முடியவில்லை.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

மணவாழ்வில் இருவரும் ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. 1979இல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி ஆகிய உளவியலாளர்கள் இருவர் 37 தம்பதியரிடம் 20 அன்றாடச் செயல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவரையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டினால், பெரும்பாலான செயல்களில் கூட்டுத்தொகை முழுமையைத் தாண்டிப் போயிற்று. இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் சண்டைக்குக் காரணமாவது போன்ற பெருமைப்பட ஒன்றுமில்லாத செயல்களிலும் மக்கள் தம் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். நாம் செய்தது நமக்கு முழுதாக நினைவிருக்கிறது, மற்றவர் செய்ததில் நம் கண்ணில் பட்டது மட்டுமே நினைவிருக்கிறது. காரணம் பெரும்பாலும் இவ்வளவு எளியது.

மகிழ்ச்சி குறைந்த வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாகிறது. எலிசபெத் ராபின்சனும் கெய்ல் பிரைசும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குள் தம்பதியர் ஒருவருக்கொருவர் செய்யும் இனிய செயல்களைப் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் ஒருபுறமும் தம்பதியர் மறுபுறமும் குறித்துக்கொண்டார்கள். மகிழ்ச்சியற்ற தம்பதியர் அவற்றில் ஏறத்தாழப் பாதியைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். ராபர்ட் வைஸ் என்ற உளவியலாளர் அதே ஆண்டில் இதற்கு ஒரு விளக்கமும் தந்தார்: துணைவரைப் பற்றி நமக்குள் ஏற்கெனவே தேங்கிய உணர்வு, எதிரில் நடக்கும் செயலை மீறி அதற்கு அர்த்தம் கொடுத்துவிடுகிறது. அவர் நல்லது செய்தால் ‘இன்று ஏதோ மனநிலை சரியாக இருக்கிறது’ அல்லது ‘எதற்கோ அடி போடுகிறார்’; தவறு செய்தால் ‘அவர் புத்தியே அப்படி’. நல்லதைச் சூழ்நிலையின் கணக்கிலும் கெட்டதை ஆளின் குணத்தின் கணக்கிலும் எழுதும் இந்தப் பழக்கத்தை, துன்பப்படும் தம்பதியரிடம் ஃபிராங்க் ஃபிஞ்சமும் தாமஸ் பிராட்பரியும் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். இப்படி எழுதப்படும் புத்தகத்தில் கடன் தீர வழியே இல்லை. வரவு வைக்கும் பக்கம்தான் அதில் கிடையாதே.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. கணக்கு கோணலாக எழுதப்படுகிறது என்பதால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. பல வீடுகளில் சுமை உண்மையாகவே ஒருவர் தலையில்தான் இருக்கிறது. அவரிடம் போய், இது உங்கள் பார்வைக் கோளாறு, கொஞ்சம் நன்றியோடு பாருங்கள் என்று சொல்வது முதல் அநீதியின்மேல் ஏற்றி வைக்கும் இரண்டாவது அநீதி. கசப்பைக் களைவது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான்: அவை கசந்தவரை மட்டுமே திருத்தப் பார்க்கின்றன. பொறுத்துப் போகச் சொல்பவர்கள், மனத்தை அடக்கினால் உடல் தப்பித்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தைக் கணித்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, ஒருவர்மீது ஒருவர் பகைமை மிகுந்திருந்த தம்பதியரின் புண்கள், பகைமை குறைந்தவர்களின் புண்கள் ஆறிய வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்திலேயே ஆறின.

‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லாத நாள்

அக்காவின் வீட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில்தான் முடியும். முகம் வாடியிருப்பதைப் பார்த்து அத்தான் என்ன என்று கேட்பார். அக்கா “ஒண்ணுமில்ல” என்பார். அவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள், தாம் சரிசெய்து வைத்த அலமாரி மறுபடி கலைக்கப்பட்டு அடுக்கப்படுவதைப் பார்த்து, “நான் என்ன செஞ்சாலும் தப்புதானா?” என்று அத்தான் வெடித்துவிட்டார். அதற்கும் ஒண்ணுமில்ல என்ற பதிலே வந்திருக்க வேண்டும். அக்கா அன்று வேறொன்றைச் சொன்னார். அவர்களுடைய மகன் சிறுவனாக இருந்தபோது, கடும் காய்ச்சலில் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தான். அத்தான் மாலையில் வந்து பார்த்துவிட்டு, “டாக்டருங்க இருக்காங்க இல்ல” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிப் போனார். அந்த இரவை அக்கா தனியாகக் கழித்தார். அவருடைய புத்தகத்தின் முதல் பக்கம் அதுதான். அதன் பிறகு எழுதப்பட்ட எல்லாமே அந்தப் பக்கத்தின் தொடர்ச்சி.

அத்தானுக்கு அந்த வாக்கியம் நினைவில்லை. மகன் மருத்துவமனையில் இருந்தது நினைவிருந்தது, வந்து பார்த்தது நினைவிருந்தது, சொன்னதும் போனதும் நினைவில் இல்லை. அக்கா இதை எனக்குச் சொன்னபோது, அந்த நொடிதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது என்றார். இத்தனை ஆண்டுகள் தன் வாழ்வையே நிறுத்துப் பார்க்கப் பயன்பட்ட ஒரு வாக்கியம், அதைச் சொன்னவரிடம் இல்லவே இல்லை. பேச்சு அங்கேயே அறுந்திருக்கலாம்; அன்று அறுந்தும் போயிற்று. மறுநாள் அத்தானே வந்து, “அன்னைக்கு என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லு” என்று கேட்டார். அக்கா சொன்னார். நடுவில் ஒருமுறை அவர் “ஆபீஸ்ல அன்னைக்கு” என்று தொடங்கினார், அக்கா பேசுவதை நிறுத்தினார், அவரும் நிறுத்திக்கொண்டார். முடிவில் மன்னிப்புக் கேட்கவில்லை. “நீ தனியா இருந்திருக்க. எனக்கு அது தெரியவே தெரியாது” என்று மட்டும் சொன்னார்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த இரண்டாம் நாளுக்காகத்தான். அங்கே நடந்தது மன்னிப்பு அல்ல, சமரசமும் அல்ல. ஒரு தீர்ப்பு, முதன்முறையாக, ஒரு முறையீடாகக் கீழிறங்கி வந்தது. தீர்ப்புக்குப் பதில் சொல்ல முடியாது, முறையீட்டுக்குச் சொல்லலாம். அப்படியானால் அக்கா ஏன் இத்தனை ஆண்டுகள் சொல்லவில்லை? சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது அவர் தந்த விடை, நம்மில் பலரும் தரும் விடை. எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. சொன்னால் மறுக்கப்படலாம். “இதற்குப் போயா” என்று அவர் சிரித்துவிடலாம். சொல்லாத குறையை யாராலும் மறுக்க முடியாது; அது நம்மிடம் பத்திரமாக, முழு நியாயத்தோடு இருக்கும். கசப்பு இவ்வளவு வலித்தும் நாம் அதை விடாமல் வைத்திருப்பது அது தரும் இந்தப் பாதுகாப்புக்காகத்தான் என்று நினைக்கிறேன். கேட்டு இல்லை என்றாகிவிடுவதைவிட, கேட்காமலே ‘கொடுக்கமாட்டார்’ என்று வைத்துக்கொள்வது எளிது.

அக்காவின் “இப்ப செஞ்சு என்ன ஆகப்போகுது” என்பதையும் நான் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். அது உண்மை. இன்று மடிக்கும் எந்தத் துணியும் அந்த இரவுக்கு ஈடாகாது, ஈடாக வேண்டும் என்று அத்தான் செய்வதும் வீண். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று இழப்பு: இளமையில் கிடைத்திருக்க வேண்டிய துணை கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. அதற்குத் தேவையானது அழுகை, யாராவது அதை இழப்பு என்று ஒப்புக்கொள்வது. இன்னொன்று, இப்போது எதிரில் நிற்கும் மனிதர். முதலாவதற்கு உரிய துக்கத்தை அனுசரிக்காதவரை இரண்டாமவர் எதைக் கொண்டுவந்தாலும் அது பழைய கடனுக்குப் போதாத தவணையாகவே எண்ணப்படும். அக்கா அந்த மாதம் முழுக்க அழுதார். அவர் நன்றாக இல்லை என்று பிள்ளைகள் கவலைப்பட்டார்கள். எனக்கென்னவோ அவர் பல ஆண்டுகளில் முதன்முறையாக நன்றாக இருந்ததாகத் தோன்றியது.

இதை மாயமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தான் இன்றும் பாதி விஷயங்களை மறக்கிறார், அக்கா இன்றும் சில நாள்கள் இறுகிப்போகிறார். தம்பதியருக்கிடையே எழும் சிக்கல்களில் ஏறத்தாழ 69 விழுக்காடு தீராமல் தொடர்பவை என்று காட்மன் கணித்திருக்கிறார். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குச் சோர்வைவிட ஆறுதலே மிகுந்தது. உளவியலாளர் எலி ஃபிங்கெலும் அவருடைய சகாக்களும் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் அடக்கமான முடிவையே தருகிறது. முதல் ஆண்டில் தம்பதியரின் மணநிறைவு சராசரியாகச் சரிந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேரிடம், அண்மையில் நடந்த ஒரு கருத்து வேறுபாட்டை, இருவருக்கும் நல்லதை விரும்பும் மூன்றாவது மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு முறைக்கு 7 நிமிடம், ஆண்டுக்கு மூன்று முறை, மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களின் மணநிறைவு உயர்ந்துவிடவில்லை, சரிவு நின்றது. கசந்தவர் தன் நியாயத்தைக் கைவிட வேண்டும் என்று அந்தப் பயிற்சி கேட்பதில்லை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. தன் புத்தகத்தை வேறொருவர் படிப்பதுபோல் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவே. அக்காவுக்கு இதைச் சொன்னேன். எழுதும் பழக்கம் தனக்கு இல்லை என்று மறுத்துவிட்டார்.

இதுவரை எழுதியதெல்லாம், கேட்டால் காது கொடுக்கக்கூடிய ஒருவர் எதிரில் இருக்கும் வீட்டுக்கே பொருந்தும். அடியும் மிரட்டலும் அவமதிப்பும் தொடரும் வீட்டில் கசப்பைக் கரைக்கச் சொல்வது ஆபத்தானது. அங்கே அது ஆபத்தைச் சரியாகவே உணர்த்திக்கொண்டிருக்கலாம். உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்ட்டி 72 புதுமணத் தம்பதியரை முதல் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் எழுதியது இதையே காட்டுகிறது: எளிதில் மன்னித்தவர்களின் துணைவர்களிடம் சொல்லாலும் கையாலும் காட்டும் வன்மை குறையாமல் நீடித்தது, அவ்வளவு எளிதாக மன்னிக்காதவர்களின் துணைவர்களிடம் அது குறைந்து வந்தது. அடிக்காமல், மிரட்டாமல், ஆனால் ஒருபோதும் காது கொடுக்காமல் இருக்கும் துணைவர்களைப் பற்றித்தான் எனக்கு எளிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் வர மறுத்தாலும் மற்றவர் மட்டும் மணவாழ்வு ஆலோசகரிடம் போகலாம் என்பதைச் சொல்லலாம். அத்தான் அன்று “பழசைக் கிளறாதே” என்று எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அக்காவிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பவும் கேட்டது கேட்டதுதானே. இவர்கிட்ட இது கிடைக்காதுன்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல இருக்கலாமா, எப்படி இருக்கலாம்னு யோசிச்சிருப்பேன். இத்தன வருஷமா நான் அதக்கூட யோசிக்கல” என்றார்.